தூக்கத்துக்கு மூலிகை மாத்திரை: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் பதில்களும்

மருந்து எடுத்துக் குடுக்குற வேலை எனக்கு. டாக்டர் எழுதின சீட்டை நீட்டுறவங்க பாதிப்பேர் கிளம்புற நேரத்துல குரலைத் தாழ்த்தி "இந்த மூலிகை கேப்ஸ்யூல் பத்தி என்ன நினைக்கிறீங்க"ன்னு ஒரு கேள்வியும் போட்டுட்டுத்தான் போவாங்க. கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், ஆள்தான் வேற வேற. அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி வச்சிட்டேன். மேல இருந்து படிச்சா நல்லது, ஏன்னா கீழ சில இடத்துல "மேல சொன்னேனே"ன்னு முடிச்சிருப்பேன்.

மூலிகை மாத்திரை போட்டா நிஜமாவே தூக்கம் வருமா, இல்ல எல்லாம் விளம்பரமா?

சிலருக்கு கொஞ்சம் வரும். இந்த "கொஞ்சம்"தான் முக்கியம். தூக்க மாத்திரை போட்ட மாதிரி அரை மணில ஆளை சாய்ச்சிடும்னு நினைச்சு வாங்கினா ஏமாந்துதான் போவீங்க. நல்லபடியா நடத்தின ஆராய்ச்சில பலன் தெரிஞ்ச மூலிகைக்குக்கூட, வழக்கத்தைவிட சில நிமிஷம் முன்னாடி தூக்கம் புடிக்குது, காலைல எந்திரிக்கிறப்ப "நேத்து பரவால்ல"ன்னு தோணுது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, தூக்க ஆராய்ச்சில மருந்தே இல்லாத வெத்து மாத்திரை குடுத்த ஆளுங்களுக்கும் தூக்கம் கணிசமா நல்லாகும். அதனால "நான் சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன்"னு ஒருத்தர் சொல்றது பொய் இல்லதான், ஆனா மூலிகைதான் அதைச் செஞ்சுதுன்னு சொல்ல அது மட்டும் பத்தாது.

தூக்கத்துக்குன்னு எதையெல்லாம் விக்கிறாங்க?

அதிகமா கண்ணுல படுறது வேலேரியன் வேர், அஸ்வகந்தா (நம்ம அமுக்கரா), கெமோமில், லாவெண்டர், பேஷன்ஃப்ளவர், லெமன் பாம், ஹாப்ஸ், காவா. இதுகூட மெலட்டோனின், மெக்னீசியம்னு மூலிகையே இல்லாததையும் அதே பாட்டில்ல கலந்து விக்கிறாங்க.

ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்ணினது வேலேரியன். மூளையை அமைதிப்படுத்துற காபாங்குற ரசாயனம் போய் ஒட்டுற இடத்துல அது வேலை செய்யுதுன்னு லேப்ல தெரியுது. ஆனா மனுஷங்ககிட்ட பார்த்தா ஒரு ஆராய்ச்சி ஆமாங்குது, அடுத்தது இல்லங்குது. 2006ல 16 ஆராய்ச்சியை ஒண்ணா சேர்த்துப் பார்த்தவங்க, பலன் இருக்கலாம், ஆனா இந்த ஆராய்ச்சிகளோட தரமே சரியில்லன்னுதான் முடிச்சாங்க. லாவெண்டர் எண்ணெய் கேப்ஸ்யூல்ல ஓரளவு நல்ல ஆதாரம் இருக்குறது பதட்டத்துக்கு, அது குறைஞ்சா தூக்கமும் கொஞ்சம் சரியாகும். பேஷன்ஃப்ளவர், லெமன் பாம், ஹாப்ஸ் மூணுக்கும் சின்னச் சின்ன ஆராய்ச்சிதான் இருக்கு, நம்பி சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

வேலேரியன் பாட்டிலைத் திறந்ததும் அழுக்கு சாக்ஸ் நாத்தம், கெட்டுப் போச்சா?

கெடலைங்க, அதோட வாசனையே அதான். அந்த வேர் காயக் காய ஐசோவலேரிக் அமிலம் உண்டாகும், வேர்த்த கால்ல நாத்தம் வர்றதும் அதே அமிலத்தாலதான். மூடியைத் திறந்து பஞ்சை எடுத்த உடனே மூக்கைப் புடிச்சுக்கிட்டு "வேண்டாம் சார், மாத்திக் குடுங்க"ன்னு வந்து நின்னவங்க உண்டு. மாத்திக் குடுத்தா அதுவும் அப்படித்தான் நாறும். நாத்தமே இல்லாத வேலேரியன் பொடின்னா எனக்கு சந்தேகம்தான் வரும்.

அஸ்வகந்தா எல்லாரும் சாப்பிடுறாங்களே, நானும் ஆரம்பிக்கலாமா?

ஆதாரம்னு பார்த்தா இந்த லிஸ்ட்லயே இது கொஞ்சம் மேல. 2021ல அஞ்சு ஆராய்ச்சியை, மொத்தம் 400 பேரை, சேர்த்துப் பார்த்தாங்க. தூக்கத்துல சின்னதா ஆனா நிஜமாவே ஒரு முன்னேற்றம் தெரிஞ்சுது. ஏற்கனவே தூக்கமில்லாம கஷ்டப்படுறவங்க, ஒரு நாளைக்கு 600 மி.கி. அளவுல, எட்டு வாரமாவது எடுத்தவங்க, இவங்களுக்குத்தான் பலன் அதிகம். இன்னிக்கு ராத்திரி போட்டு இன்னிக்கே தூங்குற விஷயம் இல்ல இது.

ஆனா யார் சாப்பிடக் கூடாதுங்குறதுதான் யாரும் கேக்காத கேள்வி. தைராய்டு மாத்திரை போடுறவங்க (தைராய்டு அளவை இது ஏத்தலாம்), கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சனை உள்ளவங்க, முடக்குவாதம் மாதிரி உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய் உள்ளவங்க, இவங்கெல்லாம் டாக்டரைக் கேக்காம தொடவே வேண்டாம். சுகர், பிரஷர் மாத்திரை போடுறவங்களும் கவனமா இருக்கணும், ரெண்டையும் இது இன்னும் இறக்கிவிடலாம். அரிதா கல்லீரல் பாதிச்சு மஞ்சள் காமாலை வந்த கேஸ்களும் பதிவாகியிருக்கு. 2023ல டென்மார்க் இதை தடையே பண்ணிடுச்சு. அந்தத் தடை கொஞ்சம் ஓவர்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா ஆராய்ச்சிகள் பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சுடுது, வருஷக்கணக்கா சாப்பிட்டா என்ன ஆகும்னு சொல்ல தகவலே இல்ல. அதனால "பாட்டில் தீர்ந்தா அடுத்த பாட்டில்"ங்குற பழக்கம் வேண்டாம்.

மெலட்டோனினும் மூலிகைதானே?

இல்ல, அது ஹார்மோன். இருட்டினதும் மூளைக்குள்ள பீனியல் சுரப்பி அதை சுரக்கும், "ராத்திரி ஆயிடுச்சு"ன்னு உடம்புக்கு சேதி சொல்றதுதான் அதோட வேலை. அதனால நேரம் குழம்பினவங்களுக்கு, அதாவது விமானத்துல பல மணி நேர வித்தியாசம் தாண்டிப் போனவங்க, விடியக்காலைலதான் தூக்கமே வர்ற ஆளுங்க, இவங்களுக்கு நல்லாவே உதவும். மனசுல பாரம் வச்சுக்கிட்டு புரண்டு புரண்டு படுக்கிறவங்களுக்கு பெருசா ஒண்ணும் செய்யாது.

இதுல அளவைவிட நேரம் முக்கியம். அரை மி.கி. சரியான நேரத்துல போட்டாலே போதுமா இருக்கும், 10 மி.கி. போட்டா பத்து மடங்கு தூக்கம் எல்லாம் வராது, அடுத்த நாள் மந்தமும் தலைவலியும்தான் வரும். சில நாட்டுல கடையில சும்மா கிடைக்குது, சில நாட்டுல டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டாங்க.

பாட்டில்ல 3 மி.கி.ன்னு போட்டிருந்தா உள்ளயும் 3 மி.கி. இருக்கும்தானே?

இருக்கணும். ஆனா நம்ப முடியாது. 2017ல கனடாவுல 31 மெலட்டோனின் பொருளை வாங்கி சோதிச்சாங்க. சிலதுல லேபிள்ல சொன்னதைவிட 83 சதவீதம் கம்மி, சிலதுல 478 சதவீதம் அதிகம். அதுலயே நாலுல ஒரு பங்குக்கு மேல செரோட்டோனின்னு லேபிள்லயே இல்லாத ஒரு மூளை ரசாயனமும் கலந்திருந்துச்சு. 2023ல அமெரிக்காவுல மெலட்டோனின் கலந்த 25 "கம்மி" (gummy, ஜெல்லி மாதிரி மெல்லுறது) மிட்டாய்களைப் பார்த்தாங்க, 22ல லேபிள் தப்பு, ஒண்ணுல மெலட்டோனினே இல்ல.

ஏன் இப்படின்னா, மருந்துன்னா விக்கிறதுக்கு முன்னாடி வேலை செய்யுது, ஆபத்தில்லன்னு நிரூபிக்கணும். சப்ளிமென்ட்டுக்கு (மருந்துன்னு சொல்லாம சத்துப் பொருளா விக்கிற இந்த மாதிரி சரக்கு) பல நாட்டுல அது கிடையாது. அமெரிக்காவுல 1994ல வந்த சட்டப்படி முன்அனுமதி வாங்காமலே சந்தைக்கு வரலாம், பிரச்சனை வந்தப்புறம்தான் அரசாங்கம் கை வைக்கும்.

பாட்டிலை வாங்கினதும் முன்பக்கத்தை விடுங்க, திருப்பி பின்பக்கம் பாருங்க. "ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட் 500 மி.கி."ன்னு (கம்பெனியோட சொந்தக் கலவைன்னு அர்த்தம்) ஒரு வரி, அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஏழு மூலிகைப் பேரு, ஆனா எது எத்தனை மி.கி.ன்னு இருக்காது. 490 மி.கி. ஏதோ ஒரு விலை கம்மியான இலைப்பொடியாவும், நீங்க காசு குடுத்த மூலிகை 10 மி.கி.யாவும் இருந்தாலும் அந்த லேபிள் பொய் இல்ல. நான் அந்த மாதிரி பாட்டிலை கையில வாங்கி அப்படியே திருப்பிக் குடுத்துடுவேன். ஒரே மூலிகை, அளவு தெளிவா போட்டது, சம்பந்தமில்லாத வெளி லேப் சோதிச்ச முத்திரை உள்ளது, இந்த மூணும் இருந்தா மேற்கொண்டு பேசலாம்.

கெமோமில் டீ குடிக்கலாமா?

தாராளமா குடிங்க. ஆதாரம் ரொம்ப லேசுதான், ஆனா படுக்குறதுக்கு முன்னாடி போனை வச்சுட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காந்து சூடா எதையாவது குடிக்கிறதே நல்ல விஷயம்தான். சாமந்தி வகைப் பூவு அலர்ஜி உள்ளவங்களும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களும் மட்டும் வேண்டாம்.

இயற்கையானதுதானே, சைடு எஃபெக்ட் என்ன வந்துடப் போகுது?

அதிகமா கேக்குறது இதைத்தான், எனக்கு கோபம் வர்றதும் இதுக்குத்தான். மூளைல போய் தூக்கத்தை வரவழைக்கிற அளவுக்கு ஒரு பொருளுக்கு சக்தி இருக்குன்னா, அதே சக்தி வேற இடத்துலயும் வேலை செய்யத்தானே செய்யும்? சைடு எஃபெக்ட்டே கிடையாதுன்னா எஃபெக்ட்டும் கிடையாதுன்னுதான் நான் நினைப்பேன். அபின் செடியில இருந்துதான் வருது, ஊமத்தையும் செடிதான்.

காவாவை எடுத்துக்கோங்க. பதட்டத்துக்கு நிஜமாவே கேக்கும், ஆனா கல்லீரல் செயலிழந்து, மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போனவங்க இருக்காங்க, 2002ல எஃப்டிஏ (அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) வெளிப்படையா எச்சரிச்சுது. இன்னொரு பழைய கதை எல்-ட்ரிப்டோஃபான். அது மூலிகை இல்ல, அமினோ அமிலம், ஆனா தூக்கத்துக்குன்னு அதே அலமாரில இருந்த சரக்குதான். 1989ல அதை சாப்பிட்டவங்களுக்கு தசை வலி பின்னி எடுத்து, ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணு எகிறி, 1500 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க, முப்பதுக்கும் மேல செத்துப் போனாங்க. தோண்டிப் பார்த்தா பெரும்பாலானது ஒரே தயாரிப்பாளரோட சரக்குல போய் நின்னுது. பொருள் நல்லதா கெட்டதாங்குறது ஒரு கேள்வி, இந்த பாட்டிலுக்குள்ள இருக்குறது சுத்தமாங்குறது வேற கேள்வி.

நான் தூக்கத்துக்குன்னு எதுவும் சாப்பிடல, உடம்பு குறைய ஒரு மூலிகை கேப்ஸ்யூல்தான், ஆனா அப்ப இருந்து தூக்கமே போச்சு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

நல்லாவே இருக்கும். தூக்கத்தைக் குடுக்குற மூலிகை எதுன்னு ஊரே தேடுது, கெடுக்குற மூலிகை ஏற்கனவே வீட்டு அலமாரில இருக்குறதை யாரும் பாக்குறதில்ல. எடை குறைய, சுறுசுறுப்புக்கு, ஜிம்முக்கு, ஆண்மைக்குன்னு விக்கிற கலவை நிறையதுல இருக்குறது ஊக்கிதான். குவாரனா விதைல காப்பிக்கொட்டையைவிட காஃபின் ஜாஸ்தி, ஆனா லேபிள்ல "குவாரனா"ன்னு மட்டும்தான் இருக்கும், காஃபின்னு தனியா போடணும்னு அவசியம் இல்ல. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், யெர்பா மாட்டே ரெண்டும் இதே கதை. யோஹிம்பே, கசப்பு ஆரஞ்சு ரெண்டும் காஃபின் இல்லாமலே நெஞ்சு படபடப்பைக் கிளப்பிவிடும். ஜின்செங் சிலருக்கு ராத்திரி கொட்டக் கொட்ட முழிக்க வைக்கும்.

காஃபின் உடம்புல பாதியா குறையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், கருத்தடை மாத்திரை போடுற பெண்களுக்கு அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. படுக்கப் போறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மி.கி. காஃபின் குடுத்துப் பார்த்த ஆராய்ச்சில கூட ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் போச்சு. அப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு "மூலிகைதானே"ன்னு ஒரு கேப்ஸ்யூல் போட்டுட்டு பதினோரு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கிட்டு படுத்திருந்தா என்ன ஆச்சரியம்?

அதனால தூக்கம் வரலன்னு யார் வந்தாலும் நான் முதல்ல கேக்குறது "இப்ப என்னென்ன சாப்பிட்டுட்டு இருக்கீங்க"ன்னுதான். ரெண்டு வாரம் எல்லா சப்ளிமென்ட்டையும் (டாக்டர் எழுதினதை இல்ல, நீங்களா வாங்கினதை; ரொம்ப நாளா எடுக்குற வேலேரியனை மட்டும் கீழ சொல்ற மாதிரி படிப்படியா) நிறுத்திப் பாருங்கன்னு சொல்லுவேன். புதுசா ஒண்ணு சேக்குறதைவிட இருக்குறதுல ஒண்ணைக் கழிக்கிறது மலிவு.

ஏற்கனவே வேற மாத்திரை போடுறேன், கூட இதையும் சேத்துக்கலாமா?

இங்கதான் விபரீதம் அதிகம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒண்ணு இருக்கு, மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும்னு விக்கிறாங்க. அது கல்லீரல்ல மருந்தை உடைக்கிற என்சைமை முடுக்கிவிட்டுடும், அதனால மத்த மருந்து வேலை செய்யுறதுக்கு முன்னாடியே காலியாயிடும். கருத்தடை மாத்திரை போட்டும் கர்ப்பமானவங்க உண்டு, உறுப்பு மாற்று செஞ்சவங்க போடுற சைக்ளோஸ்போரின் அளவு இறங்கி, வச்ச உறுப்பையே உடம்பு ஏத்துக்காம போனதும் நடந்திருக்கு. மனச்சோர்வு மாத்திரையோட சேர்ந்தா செரோட்டோனின் எகிறி காய்ச்சல், நடுக்கம், குழப்பம்னு உயிருக்கே ஆபத்தா போகலாம். இவ்வளவும் பண்ணிட்டு சிலருக்கு தூக்கத்தையும் கெடுக்கும்.

வேலேரியன், காவா மாதிரி ஆளை அசத்தித் தூங்க வைக்கிற மூலிகையை தூக்க மாத்திரை, பதட்ட மாத்திரை, வலிக்கான ஓபியாய்டு மாத்திரை, மது, இதோடெல்லாம் சேக்காதீங்க, ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடும். புதுசா ஆரம்பிச்ச ராத்திரிக்கு அடுத்த நாள் காலைல வண்டியும் ஓட்டாதீங்க.

டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரே?

திட்டட்டும். சொல்லாம விட்டா ஏன் சுகர் இறங்குது, ஏன் கல்லீரல் டெஸ்ட் ஏறுதுன்னு அவர் வேற எங்கயோ தேடிட்டு இருப்பார். பேரு வாய்ல வரலன்னா பின்பக்க லேபிளை போட்டோ எடுத்துக் காட்டுங்க.

எத்தனை நாள் பாத்துட்டு நிறுத்தலாம்?

ஒரு நேரத்துல ஒண்ணுதான். மூணு பாட்டிலை ஒண்ணா ஆரம்பிச்சா எது கேட்டுது, எது அலர்ஜி குடுத்துதுன்னு சாமிக்குத்தான் தெரியும். வேலேரியன்னா நாலு வாரம், அஸ்வகந்தான்னா மேல சொன்ன எட்டு வாரம். ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எத்தனை மணிக்கு படுத்தேன், சுமாரா எப்ப தூங்கினேன், எத்தனை தடவை முழிச்சேன்னு நோட்டுல எழுத ஆரம்பிச்சுடுங்க, இல்லன்னா கடைசியில ஞாபகத்தை வச்சுத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டி வரும். நோட்டுல மாற்றமே தெரியலன்னா அளவைக் கூட்டாதீங்க, விட்டுடுங்க.

மூத்திரம் டீ கலர்ல போறது, கண்ணு மஞ்சளாகுறது, உடம்பெல்லாம் அரிப்பு, சோறே புடிக்காம குமட்டல், இதுல எது வந்தாலும் அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

வெத்து மாத்திரையிலயே தூக்கம் வரும்னு நீங்களே சொன்னீங்க, அப்ப எனக்கு தூங்கினா போதாதா, காரணம் எதுக்கு?

நியாயமான கேள்விதான், இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. சுத்தமான, அளவு தெளிவா உள்ள ஒரு மூலிகை, வேற மருந்து எதுவும் இல்ல, பணமும் பாரமில்ல, நல்லா தூங்குறீங்கன்னா நான் ஏன் குறுக்க வரணும். ஆனா அந்த நம்பிக்கை மெல்ல மெல்ல "அந்த பாட்டில் இல்லன்னா தூக்கம் வராது"ன்னு திரும்பிடுறதைப் பாத்திருக்கேன். வெளியூர் போறப்ப மறந்துட்டா ராத்திரி பூரா பதட்டம். அந்தப் பதட்டமே தூக்கத்தைக் கெடுத்துடும்.

அப்ப இதுவும் பழக்கமாயிடுமா, நிறுத்தினா தூக்கம் போயிடுமா?

தூக்க மாத்திரை அளவுக்கு இல்ல. ஆனா வேலேரியனை அதிக அளவுல ரொம்ப நாள் எடுத்துட்டு பட்டுனு நிறுத்தினவருக்கு படபடப்பு, குழப்பம்னு வந்த கேஸ் பதிவாகியிருக்கு. அதனால மாசக்கணக்கா எடுத்திருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல படிப்படியா குறைங்க.

குழந்தை ராத்திரி தூங்க மாட்டேங்குறான், மெலட்டோனின் "கம்மி" மிட்டாய் குடுக்கலாமா?

குழந்தை டாக்டர் சொல்லாம குடுக்காதீங்க. மேல சொன்ன 22 தப்பு லேபிளும் இந்த கம்மி மிட்டாய்தான். மிட்டாய் மாதிரி இருக்குறதால குழந்தைங்க அள்ளி வாயில போட்டுக்குதுங்க, அமெரிக்காவுல குழந்தைங்க மெலட்டோனின் சாப்பிட்டுட்டதா விஷ முறிவு மையங்களுக்கு வந்த தகவல் 2012ல இருந்து 2021க்குள்ள 530 சதவீதம் ஏறிச்சு. கர்ப்பிணிகளுக்கும் பால் குடுக்குறவங்களுக்கும் என் பதில் இதேதான், வேண்டாம், போதுமான ஆராய்ச்சியே இல்ல.

எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணுமே கேக்கல, அடுத்து என்ன?

வாரத்துக்கு மூணு ராத்திரியாவது, மூணு மாசத்துக்கு மேல இப்படி இருந்தா அதுக்குப் பேரு நாள்பட்ட தூக்கமின்மை. அதுக்கு வேலேரியனும் வேண்டாம், மெலட்டோனினும் வேண்டாம்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2017லயே சொல்லிடுச்சு. முதல் சிகிச்சை மாத்திரையே இல்ல, சிபிடி-ஐங்குற பயிற்சிதான். படுக்கைல முழிச்சுக்கிட்டு கிடக்குற நேரத்தைக் குறைக்கிறது, தினமும் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கிறது, தூக்கத்தைப் பத்தின பயத்தைச் சரிபண்றதுன்னு சில வாரம் போகும். முதல் வாரம் கடுப்பா இருக்கும், ஆனா பலன் நிலைக்குறதும் இதுலதான்.

அதுக்கு முன்னாடி வேற காரணம் இருக்கான்னும் பாக்கணும். குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி எந்திரிக்கிறவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம், அவருக்கு அசத்துற மூலிகை குடுக்குறது பெரிய தப்பு. படுத்ததும் கால்ல என்னமோ ஊர்ற மாதிரி இருந்து ஆட்டிக்கிட்டே இருக்கணும்னு தோணினா ரத்தத்துல ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பைக் காட்டுறது) பாக்கச் சொல்லுங்க, இரும்புச்சத்து குறைஞ்சாலும் அப்படி இருக்கும்.

அடுத்த மாசம் ஆபரேஷன், மூலிகைதானேன்னு டாக்டர்கிட்ட சொல்லல, சொல்லணுமா?

இன்னிக்கே சொல்லுங்க. வேலேரியன், காவா ரெண்டும் மயக்க மருந்தோட வேகத்தைக் கூட்டலாம், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மேல சொன்ன என்சைம் வழியா மருந்தோட கணக்கையே மாத்திடும், ஞாபக சக்திக்குன்னு சாப்பிடுற ஜிங்கோ ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். பொதுவா ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. ஆனா வேலேரியனை ரொம்ப நாளா எடுக்குறவங்க, பழக்கத்தைப் பத்தின கேள்வில சொன்ன மாதிரி, பட்டுனு நிறுத்தக் கூடாது, அதனால குறைக்க ஆரம்பிக்கவே ஒரு மாசம் கையில இருக்கணும். ரெண்டே நாள்தான் பாக்கின்னா நீங்களா ஒண்ணும் பண்ணாம பாட்டிலை எடுத்துட்டுப் போய் மயக்க மருந்து டாக்டர் கையில குடுங்க, நிறுத்தணுமா தொடரணுமான்னு அவர் சொல்லுவார்.